மூளைக் கட்டி ஆபரேஷன்: டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

"மூளையில் கட்டி இருக்கிறது."

டாக்டர் இதைச் சொன்னதும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அப்பா வாய் திறப்பதில்லை. மூத்த மகன்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்கிறான்:

"கட்டி எவ்வளவு பெரிசுங்க, டாக்டர்?"

ஆபரேஷன் முடிகிறது. டாக்டர் வெளியே வருகிறார். உடனே அடுத்த கேள்வி:

"முழுசா எடுத்துட்டீங்களா?"

இந்த இரண்டு கேள்விகளையும் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது இயற்கைதான். ஆனால் இந்த இரண்டையும் முதல் கேள்விகளாக வைத்துக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து.

ஏன்? எலுமிச்சம்பழம் போன்ற கட்டி சுலபமாக வெளியே வந்துவிடுவது உண்டு. புளியங்கொட்டை போன்ற கட்டி, பேர் போன டாக்டரையே திணற வைப்பதும் உண்டு. "முழுவதும் எடுத்தாயிற்று" என்று சொன்ன பிறகு நோயாளியின் முகம் கோணிப்போய், கஞ்சி விழுங்க முடியாமல் கிடந்தால், அதை வெற்றி என்று சொல்ல முடியுமா?

மூளைக் கட்டிகளில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் பற்றி இங்கே எழுதவில்லை. ஒரே ஒரு வகையைப் பற்றித்தான் சொல்கிறேன். அதன் பெயர் மெனிஞ்சியோமா.

தேங்காய்க்குள் ஒரு தோல்

தேங்காயை உடைத்துப் பாருங்கள். வெளியே ஓடு. உள்ளே வெள்ளைப் பருப்பு. இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது.

நம் தலையும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே மண்டை ஓடு. உள்ளே மூளை. நடுவே உறை. தேங்காய்க்கு ஒரே தோல். மூளைக்கு மூன்று உறைகள்.

அந்த உறையில் முளைக்கும் கட்டிதான் மெனிஞ்சியோமா. 1922-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங் இந்தப் பெயரை வைத்தார். இது மூளைச் சதைக்குள் முளைப்பது அல்ல. உறையில் முளைத்து, மூளையை வெளியிலிருந்து அமுக்குவது.

பெரியவர்களின் தலைக்குள்ளேயே உண்டாகும் கட்டிகளில் இதுதான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

இதில் மூன்று தரம் உண்டு. முதல் தரம் சாது. மூன்றாம் தரம் பொல்லாதது. இரண்டாவது, நடுத்தரம். நூறு கட்டிகளில் ஏறக்குறைய 80 முதல் தரம்தான். அதாவது புற்றுநோய் அல்ல.

"புற்றுநோய் அல்ல என்றால் பயமே இல்லையே!" என்பீர்கள். அதுவும் தப்பு. மண்டை ஓடு ரப்பர் பை அல்ல. அது விரிந்து கொடுக்காது. உள்ளே ஒரு பொருள் வளர்ந்தால் மூளைதான் நசுங்க வேண்டும்.

ஆபரேஷன் செய்தால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். சிலர் தேறுவதில்லை. ஒருவர் பிழைப்பதும், ஒருவர் முடமாவதும் எதனால்? "எல்லாம் டாக்டர் கை ராசி" என்கிறார்கள். கை ராசி மட்டுமா? ஒரு தளபதியின் கதையைக் கேளுங்கள்.

தளபதியின் தலையில் கட்டி

அமெரிக்க ராணுவத்தில் லெனார்டு வுட் என்று ஒரு தளபதி இருந்தார். அவர் முதலில் டாக்டருக்குப் படித்தவர். பிறகு ராணுவத்தில் உயர்ந்து பெரிய பதவிக்கு வந்தார்.

அவருடைய இடது கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு வந்தது. கட்டியோ தலையின் வலது பக்கத்தில், உச்சிக்கு அருகில் இருந்தது. வலது பக்க மூளைதான் இடது காலை ஆட்டி வைக்கிறது. கால் இழுத்தால் காலைத்தான் நாம் தடவி விடுகிறோம். குற்றவாளி சில சமயம் தலையில் உட்கார்ந்திருக்கிறான்.

1910-ம் ஆண்டு, பால்டிமோர் நகரில், ஹார்வி குஷிங் அவருக்கு ஆபரேஷன் செய்தார். அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. தலைக்குள் பார்க்கும் கருவியும் கிடையாது. எந்தக் கால் இழுக்கிறது, எந்தக் கை ஓய்கிறது என்பதைப் பார்த்துத்தான் கட்டியின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆபரேஷனையும் ஒரே நாளில் முடிக்கவில்லை. இரண்டு தடவையாகச் செய்தார்.

தளபதி பிழைத்தார். பிழைத்தது மட்டுமா? அந்த ஆண்டிலேயே அமெரிக்க ராணுவத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். 1920-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக நிற்கவும் முயன்றார். 1921-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போனார். தலையில் ஆபரேஷன் செய்தவர் என்று யார் சொல்லுவார்கள்!

ஆனால் கட்டி மறுபடியும் முளைத்தது. இடது பக்கம் மீண்டும் பலம் குறைந்தது. பிலிப்பைன்ஸில் வேலை இருந்தது. பதவி இருந்தது. பொறுப்பு இருந்தது. சிகிச்சை தள்ளித் தள்ளிப் போயிற்று.

1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாஸ்டன் நகரில், அதே குஷிங் மறுபடியும் அவர் தலையைத் திறந்தார். இப்போது கட்டி பெரிதாகியிருந்தது. ஆபரேஷனுக்குப் பின் உள்ளே ரத்தம் கசிந்தது. தளபதி இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 66.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு தடவையும் டாக்டர் ஒருவர்தான். நோயாளியும் ஒருவர்தான். கட்டி இருந்த இடமும் அதே இடம்தான். 1910-ல் குஷிங்கிடம் இல்லாத ஒரு நல்ல கருவிகூட 1927-ல் இருந்தது. ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்சாரக் கருவி அது. 1926-ம் ஆண்டில்தான் அவர் அதைக் கையாளத் தொடங்கியிருந்தார். அனுபவமோ 17 ஆண்டு கூடியிருந்தது.

டாக்டரின் திறமை வளர்ந்திருந்தது. ஆனாலும் நோயாளி பிழைக்கவில்லை. ஆகவே கத்தி பிடிக்கும் கை மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் மூளையை அமுக்கியது, நோயாளி எந்த நிலையில் ஆபரேஷன் மேசைக்கு வந்தார், இது முதல் ஆபரேஷனா இரண்டாவதா என்பவை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இடம்தான் முதல் கேள்வி

அதனால்தான் சொல்கிறேன். "எவ்வளவு பெரிசு?" என்று கேட்பதற்கு முன் "எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள்.

மண்டையின் மேல் வளைவுக்கு அடியில், பக்கத்தில் முக்கியமான குழாய் எதுவும் இல்லாமல் இருந்தால் நல்லது. எலும்பைத் திறந்ததும் கட்டி கண்ணுக்குத் தெரியும். அது முளைத்த உறையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். பெரிய கட்டியாக இருந்தாலும் பெரும்பாலும் நன்றாக முடியும்.

உச்சந்தலையின் நடுக்கோட்டில் இருந்தால் கொஞ்சம் சிக்கல். நெற்றியிலிருந்து பிடரி வரை அங்கே ஒரு பெரிய ரத்த வாய்க்கால் ஓடுகிறது. மூளையின் மேற்பகுதியிலிருந்து திரும்பும் ரத்தம் பெரும்பாலும் அதில்தான் சேருகிறது. முன்பக்கத்தில் அதை அடைத்தால் மூளை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் அடைத்தால் ஆபத்து. தளபதியின் கட்டி இந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது மண்டையின் அடிப்பாகம். கண்ணுக்குப் பின்னால், காதுக்கு உள்ளே, கழுத்து சேரும் இடத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. பார்க்கும் நரம்பு, விழியை உருட்டும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு, கேட்கும் நரம்பு, விழுங்கும் நரம்பு எல்லாம் அங்கேதான். மூச்சையும் இருதயத்தையும் நடத்தும் மூளைத் தண்டும் அங்கேதான். அந்த இடத்தில் சிறிய கட்டி இருந்தாலும் எடுப்பது, முள்வேலியில் சிக்கிய பட்டுப் புடவையைக் கிழியாமல் எடுப்பது போல.

கட்டியின் தன்மையும் உண்டு. சில கட்டி களி போல இருக்கும். உறிஞ்சி எடுத்துவிடலாம். சில கட்டி கல் போல இருக்கும். மூளையோடு ஒட்டாமல் நடுவே மெல்லிய ஜவ்வு இருந்தால் பிரிப்பது சுலபம். ஜவ்வு அழிந்து மூளையோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மூளைக்கே சேதம். கட்டியைச் சுற்றி மூளை வீங்கியிருந்தாலும் சிரமம்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் இவற்றில் பலவற்றை முன்கூட்டியே பார்க்க முடிகிறது. கட்டிக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்தால், ஆபரேஷனுக்கு முன்பே மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த ரத்த ஓட்டத்தை அடைப்பதும் உண்டு.

மிச்சம் வைத்தால் தோல்வியா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். "முழுசா எடுத்துட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1957-ம் ஆண்டு டொனால்டு சிம்சன் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் யாருக்கு மீண்டும் கட்டி வந்தது என்று பார்த்தார்.

கட்டியோடு அது முளைத்த உறையையும், கெட்டுப்போன எலும்பையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு மீண்டும் வந்தது. கட்டியை எடுத்து, உறையை வெட்டாமல் சுட்டு மட்டும் விட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு வந்தது. கட்டியை எடுத்துவிட்டு உறையைத் தொடாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு வந்தது. கட்டியிலேயே ஒரு பகுதியை விட்டவர்களுக்கு அதற்கும் மேல்.

களை பிடுங்குபவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வேர் நின்றால் களை திரும்பும்.

அப்படியானால் முழுவதும் எடுப்பதுதானே நல்லது? ஆம், எடுக்க முடிந்த இடத்தில். எடுக்க முடியாத இடத்தில் பிடிவாதம் பிடித்தால் களையோடு பயிரும் போய்விடும்.

சிம்சன் கணக்கெடுத்த காலத்தில் மிச்சம் வைத்த கட்டி என்ன ஆகிறது என்று பார்க்க வழி இல்லை. மறுபடி வலிப்பு வந்தால்தான் தெரியும். தலையைத் திறக்காமல் மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன், 1971-ம் ஆண்டில்தான் லண்டனில் முதல் தடவையாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. இப்போது மிச்சத்தை ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்கலாம். வளராவிட்டால் விட்டுவிடலாம். வளர்ந்தால் கதிர் வைத்தியம் இருக்கிறது. சுவீடன் நாட்டு டாக்டர் லார்ஸ் லெக்செல் 1968-ம் ஆண்டில் பயனுக்குக் கொண்டுவந்த காமா கத்தி இதற்கு உதவுகிறது. பெயரில்தான் கத்தி. தோலில் ஒரு கீறல்கூட விழாது. பல பக்கங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் ஒன்று சேர்ந்து அதன் வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கின்றன. கட்டி சிறிதாக இருந்தால்தான் இது நன்றாகப் பயன்படும்.

ஆகவே ஒரு டாக்டர் வெளியே வந்து, "கண் நரம்பில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை விட்டுவிட்டேன்" என்று சொன்னால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கை நடுங்கி விட்டவர் அல்ல. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியவர். "என்ன டாக்டர், பாதி வேலை பார்த்திருக்கிறார்!" என்று வராந்தாவில் பேசும் சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே "முழுவதும் எடுப்பீர்களா?" என்று கேட்பதைவிட, "முழுவதும் எடுத்தால் எது கெட்டுப்போகும்?" என்று கேளுங்கள்.

கல்யாணம் முடியட்டும்!

தளபதிக்குப் பதவி குறுக்கே வந்தது. நம் வீடுகளில் என்ன குறுக்கே வருகிறது?

"பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும்." "அறுவடை முடியட்டும்." "பையன் பரீட்சை எழுதட்டும்." இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். இந்தக் கட்டி அதிகமாக வருவதும் அவர்களுக்குத்தான். வீட்டில் எல்லோருடைய தலைவலிக்கும் தைலம் தேய்ப்பவள் தன் தலைவலியைச் சொல்ல மாட்டாள். சொன்னாலும், "வெயிலில் நின்றாய், தூங்கவில்லை" என்று மற்றவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

எல்லாத் தலைவலியும் கட்டி அல்ல. ஆயிரம் தலைவலியில் ஒன்றுகூடக் கட்டியாக இருக்காது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நாற்பது, ஐம்பது வயதில் முதல் தடவையாக வலிப்பு வந்தால் சும்மா இருக்கக்கூடாது. ஒரு கண்ணில் பார்வை மெல்ல மங்கினால், கண்ணாடி மாற்றியும் தெளியாவிட்டால் கவனிக்க வேண்டும். தாளிக்கும் வாசனைகூடத் தெரியாமல் போனாலும், ஒரு பக்கக் கால் இழுத்தாலும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளை நம் குணத்தை ஆளுகிறது. அங்கே கட்டி வளர்ந்தால் ஆளே மாறிவிடுவார். சுறுசுறுப்பாக இருந்த மாமியார் நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குளிக்கச் சொன்னாலும் குளிக்க மாட்டார். அடுப்பில் பால் பொங்கினாலும் எழ மாட்டார். "வயதாகிவிட்டது", "வீம்பு", "மருமகள் மேல் கோபம்" என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மந்திரிக்கவும் கூட்டிப்போகிறார்கள். இதற்குள் கட்டி ஆரஞ்சுப் பழம் போல ஆகிவிடுகிறது.

காத்திருப்பது வேறு, மறைப்பது வேறு. இதைப் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகச் சிறிய கட்டி தெரியலாம். தொல்லை எதுவும் இல்லை என்றால், "இப்போது கத்தி வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுப்போம்" என்று டாக்டரே சொல்லுவார். அது நல்ல காத்திருப்பு. பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கும். ஆனால் கண் மங்கத் தொடங்கிய பிறகு காத்திருப்பது வேறு விஷயம். நெடுநாள் நசுங்கிய கண் நரம்பு, கட்டியை எடுத்த பிறகும் முழுப் பார்வையைத் திருப்பித் தருவதில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர், ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார். படுக்கையில் விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு வரப்படுபவருக்கு ஆபத்து அதிகம். இது டாக்டர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவரும் உண்மை.

"வயசாச்சு, எதுக்கு?"

அறுபதைத் தாண்டிவிட்டால் நம்மவர்கள் கைவிரித்துவிடுகிறார்கள். "இனிமேல் தலையை வெட்டி என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள்.

எலிசபெத் டெய்லரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கிளியோபாட்ராவாக நடித்த ஹாலிவுட் நட்சத்திரம். 1997-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், தம் 64-வது வயதில், இந்த வகைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். உலகமே அழகி என்று கொண்டாடியவர், மொட்டைத் தலையோடு, தையல் தழும்பு தெரியப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டார்! அதன் பிறகு 14 ஆண்டு இருந்தார். 2011-ம் ஆண்டு, 79 வயதில் இறந்தார்.

அவர் பணக்காரர், நட்சத்திரம். உண்மைதான். ஆனால் இங்கே முக்கியம் பணம் அல்ல. வயதை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதுதான். இருதயம் நன்றாக இருக்கிறதா, மூச்சு நன்றாக இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, வீட்டுக்குள் தானாக நடமாடுகிறாரா என்று பார்க்க வேண்டும். எழுபது வயதில் வயலுக்குப் போய்வரும் தாத்தாவும் இருக்கிறார். ஐம்பது வயதில் படியேற முடியாதவரும் இருக்கிறார். முதுமையில் ஆபத்து கூடுகிறது என்பது மெய். அதனால் ஆபரேஷனே கூடாது என்பது பொய்.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்பார்: "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" உடனே "இல்லை" என்று தலையாட்டுகிறோம். இருதயத்துக்காகத் தினம் ஒரு ஆஸ்பிரின் சாப்பிடுவது நினைவுக்கு வருவதில்லை. அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். தலைக்குள் ஒரு சொட்டு ரத்தம் நிற்காமல் கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தளபதியின் கதையில் பார்த்தோம். எந்த மருந்தானாலும் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பது டாக்டரின் வேலை. நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால் காயம் ஆறாது. சீழ் பிடிக்கும்.

ஆபரேஷன் முடிந்து படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டிக்காரர்களுக்கு அந்தத் தொல்லை சற்று அதிகமாகவே வருகிறது. அதனால்தான் நர்ஸ் மறுநாளே எழுப்பி உட்கார வைக்கிறார், நடக்க வைக்கிறார். "பாவம், தலையில் தையல் போட்டவரை இப்படிப் படுத்துகிறாளே!" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எங்கே போவது?

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். இந்தியாவிலேயே முதன் முதலாக மூளை ஆபரேஷனுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது வேலூரில்தான். 1949-ம் ஆண்டு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950-ல், சென்னை அரசு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்று பல ஊர்களில் இந்த வைத்தியம் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது.

கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இந்த மாதிரி, இந்த இடத்தில் இருக்கும் கட்டிக்கு இங்கே ஆண்டுக்கு எத்தனை ஆபரேஷன் நடக்கிறது?" என்று கேளுங்கள். அடிக்கடி செய்யும் இடங்களில் மரணமும் குறைவு, தொல்லையும் குறைவு. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு ஒரு டாக்டரையும் பார்த்துவிடுவது தப்பில்லை. முதல் தரக் கட்டி மெல்ல வளர்வது. இரண்டாவது டாக்டரைக் கேட்க ஒரு வாரம் பொதுவாக இருக்கும்.

அந்த ஒரு தாள்

கட்டியை எடுத்ததும் அதில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சில நாள் கழித்து ஒரு தாள் வரும். கட்டி எந்தத் தரம் என்பது அதில்தான் உறுதியாகத் தெரியும். அதற்குள் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தாளை வாங்க யாரும் வருவதில்லை!

அந்தத் தாளை அவசியம் வாங்குங்கள். முதல் தரம், முழுவதும் எடுத்தாயிற்று என்றால் பெரும்பாலும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். மூன்றாம் தரம் என்றால் கதிர் வைத்தியமும் வேண்டும். இரண்டாம் தரத்துக்கும் பல சமயம் வேண்டியிருக்கும்.

வலிப்பு மாத்திரையை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விட்டதிலிருந்து தொடங்கும்.

படம் எடுக்க வரச் சொன்ன தேதியில் போங்கள். ஐந்து ஆண்டு ஒன்றும் இல்லை என்றாலும் டாக்டர் வரச் சொன்னால் போங்கள். சாதுக் கட்டியும் பத்து ஆண்டு கழித்துத் திரும்புவது உண்டு. போகும்போது பழைய படங்களையும் கொண்டுபோக வேண்டும். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதியதில் வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். இப்போது தகட்டிலும் பதிந்து தருகிறார்கள். அதையும் கேட்டு வாங்கி, பரிசோதனைத் தாளையும் சேர்த்து ஒரே பையில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். ரேஷன் கார்டைத் தேடும் அவசரத்தில் யாரும் தூக்கி எறிந்துவிடாதபடி பையின் மேல் நோயாளியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.